சாரலில் நிற்கும் மின்சார ஆட்டோ: பேட்டரியை மாற்றும் முன்

கேள்வி: ஐயா, செங்கோட்டையில் சிறிய ஆட்டோ பட்டறை வைத்திருக்கிறேன். டீசல் வண்டி வேலைதான் எனக்குப் பழக்கம். இப்போது மின்சார சரக்கு ஆட்டோக்களும் வருகின்றன. எங்கள் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றிக்கொண்டு புளியரை வழியாக ஆரியங்காவு போய் வருகிறார். வண்டியில் இருப்பது 51.2 வோல்ட் லித்தியம் பேக். சாரல் தொடங்கியதிலிருந்து, புளியரை தாண்டி மலை ஏறும்போது மீட்டரில் 'பேட்டரி கம்யூனிகேஷன்' பிழை என்று காட்டி வண்டி நின்றுவிடுகிறது. சாவியை அணைத்து, சற்று பொறுத்துப் போட்டால் மறுபடி ஓடுகிறது. வீட்டில் சார்ஜ் ஒழுங்காக ஏறுகிறது. சர்வீஸ் மையத்தில், 'பேக்குக்குள் தண்ணீர் போயிருக்கிறது, வாரன்டி கிடையாது, புதிய பேக் போட வேண்டும்' என்கிறார்கள். இன்னொரு மெக்கானிக், பேட்டரியைக் கண்காணித்துக் காக்கும் பிஎம்எஸ் போர்டை பைபாஸ் செய்துவிடலாம் என்கிறார். அண்ணாச்சி என்னை நம்பி வண்டியை விட்டிருக்கிறார். என்னிடம் ஒரு மல்டிமீட்டர் மட்டும்தான் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அன்புள்ள தம்பி,

முதலில் இரண்டு காரியங்களை நிறுத்தி வையுங்கள். புதிய பேக்குக்கு அண்ணாச்சி பணம் கட்ட வேண்டாம். பைபாஸ் பேச்சை எடுத்த மெக்கானிக்கின் கை அந்த வண்டியில் படவும் வேண்டாம். பேட்டரியைச் சந்தேகிப்பதற்கு முன் பார்க்க வேண்டிய இடங்கள் பல இருக்கின்றன என்று உங்கள் கடிதத்தில் இருக்கும் விவரங்களே சொல்கின்றன. உங்கள் மல்டிமீட்டரும் பொறுமையும் இருந்தால் முக்கால்வாசி தூரம் போய்விடலாம்.

அந்தப் பிழைச் செய்தி எதைச் சொல்கிறது என்று பார்ப்போம். பேக்குக்குள் இருக்கும் பிஎம்எஸ், ஒவ்வொரு செல்லின் வோல்ட்டேஜ், வெப்பநிலை, இப்போது எவ்வளவு கரண்ட் எடுக்கலாம் என்ற விவரங்களை வண்டி ஓடும் நேரம் முழுவதும் விடாமல் மோட்டார் கன்ட்ரோலருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. ஒன்றோடொன்று முறுக்கப்பட்ட இரண்டு மெல்லிய வயர்கள்தான் அதற்குப் பாதை. வண்டியின் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இந்த முறைக்கு 'கேன்' (CAN) என்று பெயர். வயர்களில் ஒன்று கேன் ஹை, மற்றது கேன் லோ. பாஷ் நிறுவனம் கார்களுக்காக உருவாக்கி 1986-இல் வெளியிட்ட இந்த முறைதான் இன்று ஆட்டோ வரைக்கும் வந்திருக்கிறது. குறிப்பிட்ட நேரத்துக்குள் பிஎம்எஸ்ஸிடமிருந்து செய்தி வராவிட்டால், பேட்டரியின் நிலை தெரியாமல் மோட்டாருக்குக் கரண்ட் விடக்கூடாது என்று கன்ட்ரோலர் வண்டியை நிறுத்துகிறது. அது சரியான முடிவு. ஆக, மீட்டரில் வருவது 'பேட்டரி கெட்டுவிட்டது' என்ற செய்தி அல்ல. 'பேட்டரி சொல்வது எனக்குக் கேட்கவில்லை' என்ற செய்தி. பிஎம்எஸ்ஸுக்கு மின்சாரம் போகாமல் இருந்தாலும், வழியில் வயர் விட்டுப்போனாலும், மோட்டாரின் இரைச்சலில் செய்தி சிதைந்தாலும், கன்ட்ரோலரின் எர்த் லூசானாலும் மீட்டரில் வருவது இதே வரிதான்.

சாவியை அணைத்துப் போட்டால் சரியாகிறது என்கிறீர்களே, அதற்குக் காரணம் உண்டு. கேன் லைனில் பேசும் ஒவ்வொரு கருவியும் தன் பிழைகளைத் தானே எண்ணிக்கொள்கிறது. அனுப்பிய செய்தி ஒருமுறை தவறினால் கணக்கில் 8 கூடும். சரியாகப் போனால் 1 குறையும். கணக்கு 255-ஐத் தாண்டினால் அந்தக் கருவி தன்னைத் தானே லைனிலிருந்து விலக்கிக்கொள்ளும். கெட்டுப்போன ஒரு கருவி மற்றவற்றின் பேச்சையும் குலைத்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு இது. தொடர்ந்து 32 முறை தவறினாலே போதும், கருவி வாயை மூடிவிடும். லைனில் செய்திகள் போகும் வேகத்தில் அதற்குக் கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது. பல வண்டிகளில் சாவியை அணைத்துப் போடும்போதுதான் கணக்கு பூஜ்யத்துக்குத் திரும்பும். பிஎம்எஸ் போர்டு ஒரேயடியாக எரிந்து போயிருந்தால் இப்படி விட்டு விட்டு உயிர் பெறாது. ஏதோ ஒன்று சில நொடிகள் விலகி, பிறகு சேர்ந்துகொள்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

வீட்டில் சார்ஜ் ஏறுவதும் நல்ல அறிகுறி. ஆனால் அதை முழுதாக நம்புவதற்கு முன் சார்ஜர் பிளக்கைப் பாருங்கள். இரண்டு தடித்த பின்களோடு மெல்லிய பின்களும் இருந்தால், சார்ஜரும் பிஎம்எஸ்ஸும் பேசிக்கொண்டுதான் சார்ஜ் ஏற்றுகின்றன என்று பெரும்பாலும் கொள்ளலாம். அப்படியானால் பிஎம்எஸ் பேசத் தெரிந்த நிலையில் இருக்கிறது. தடித்த பின்கள் மட்டும் என்றால் இந்தச் சான்று உங்களுக்கு உதவாது. முதல் வகையாகவே இருந்தாலும், அது அசையாமல் நிற்கும் வண்டி, காய்ந்த கொட்டகை. மலையில் அதே லைன் தாங்குமா என்பதைச் சார்ஜர் சொல்லாது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். சாரலில் மலை ஏறும்போது நிற்கிறது என்று ஒரே வாக்கியமாக எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் மூன்று காரணங்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. சாரல் என்றால் ஈரம். சாரல் என்றால் பட்டப்பகலிலும் ஹெட்லைட், விடாமல் ஆடும் வைப்பர். அதாவது 12 வோல்ட் பக்கத்தில் கூடுதல் சுமை. மலை என்றால் மோட்டார் அதிகபட்ச கரண்ட் இழுக்கும் நேரம், கூடவே அதிர்வு. மழையில் நின்றது, ஆகவே தண்ணீர் புகுந்தது என்று சர்வீஸ் மையத்தில் முடிவு கட்டியிருக்கிறார்கள். இந்த மூன்றையும் பிரிக்காமல் யார் என்ன சொன்னாலும் அது ஊகம்தான்.

பிரிப்பது கடினமில்லை. வெயில் அடிக்கும் ஒரு நாள், சமதரையில், ஹெட்லைட், வைப்பர், இண்டிகேட்டர் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, இடையிடையே ஹாரனும் அடித்து, தென்காசி வரை ஓட்டிப் பாருங்கள். கண்ணாடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வைப்பரை விடுங்கள். காய்ந்த கண்ணாடியில் ஓட விட்டால் ரப்பர் போய்விடும். இதில் பிழை வந்தால் ஈரத்துக்கும் மலைக்கும் இதில் பங்கில்லை, 12 வோல்ட் பக்கம்தான் பார்க்க வேண்டும். வரவில்லை என்றால், அதே போன்ற காய்ந்த நாளில், விளக்குகள் இல்லாமல், வழக்கமான சுமையுடன் புளியரை ஏற்றத்தில் ஏறுங்கள். அங்கே வந்தால் அதிர்வு, மோட்டார் இரைச்சல், எர்த் மூன்றில் ஒன்று. அதிலும் வரவில்லை என்றால் பட்டறையிலேயே வண்டியை நிறுத்தி, சாவியைப் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு, பூவாளியில் தண்ணீர் தெளியுங்கள். ஒவ்வொரு கனெக்டராக, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே நேரம் விட்டு. பிரஷர் வாஷர் வேண்டாம். நல்ல சீலையும் அது உடைத்துக்கொண்டு உள்ளே போகும். இல்லாத பழுதை நீங்களே உண்டாக்கியதாக முடியும்.

கையை வைக்கும் முன் ஒரு வார்த்தை. இந்த பேக்கில் பெரும்பாலும் 3.2 வோல்ட் செல்கள் 16 வரிசையாக இருக்கும். முழு சார்ஜில் 58.4 வோல்ட் வரும். ஷாக் அடிக்கும் அபாயம் குறைவுதான். ஆனால் தவறி ஒரு ஸ்பேனர் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் குறுக்கே விழுந்தால் பாயும் கரண்ட், ஸ்பேனரையே உருக்கும். மோதிரம், காப்பு, வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்யுங்கள். ஓம் அளக்கும்போது பேக்கின் பிரேக்கர் இறங்கியிருக்க வேண்டும். இங்கே நான் எழுதுவது உங்கள் ஆட்டோ போன்ற குறைந்த வோல்ட்டேஜ் வண்டிகளுக்கு மட்டும். மின்சார கார்களில் 300, 400 வோல்ட் ஓடுகிறது, தனிப் பயிற்சி இல்லாமல் அங்கே கை வைக்க வேண்டாம்.

12 வோல்ட் பக்கம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அது உங்களுக்குப் பழகிய வேலை. பெரிய பேக்கிலிருந்து 12 வோல்ட் எடுத்துத் தரும் டிசி-டிசி கன்வெர்ட்டரின் வெளியீட்டில் மீட்டரை வைத்து, விளக்கு, வைப்பர், ஹாரன் எல்லாம் போடும்போது வோல்ட்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். பிறகு அதே அளவைக் கன்ட்ரோலரின் கனெக்டரிலும் பாருங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் நடுவில் ஃபியூஸ் பிடிப்பிலோ கனெக்டரிலோ இழப்பு இருக்கிறது. சாவி வயரையும் மறக்க வேண்டாம். பல பேக்குகளில் பிஎம்எஸ்ஸை விழிக்க வைப்பது சாவியிலிருந்து போகும் ஒரு மெல்லிய வயர்தான். அது ஒரு கணம் விட்டாலும் பிஎம்எஸ் தூங்கப் போய்விடும். கேன் வயர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் தூங்குபவரிடமிருந்து பதில் வராது.

எர்த்தைச் சோதிக்க ஓம் அளவு போதாது. ஒற்றை இழையில் தொங்கும் வயரும் ஓம் மீட்டரில் நல்லதாகத்தான் காட்டும். மீட்டரின் கறுப்பு முனை 12 வோல்ட் மைனஸில், சிவப்பு முனை கன்ட்ரோலரின் எர்த் பின்னில், டிசி வோல்ட்டில் வையுங்கள். எல்லாச் சுமையும் ஓடும்போது 0.1, 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த எர்த்தைக் கழற்றிச் சுத்தம் செய்து இறுக்குங்கள். கேன் லைனில் பேசுகிறவர்களின் எர்த் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். தன் எர்த்திலிருந்து பார்க்கும்போது மைனஸ் 2 முதல் பிளஸ் 7 வோல்ட் வரைக்குள் லைன் இருந்தால்தான் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று விதி. மலையில் மோட்டார் இழுக்கும் கரண்டில் லூசான எர்த் மேலே எழும்பினால், பேச்சு வயரில் ஒரு குறையும் இல்லாமலே பேச்சு அறுந்துபோகும்.

இனி கேன் வயர்களுக்கு வருவோம். இதில் நிதானமாக இருங்கள், இங்கேதான் உங்கள் மீட்டர் அதிகம் சொல்லப் போகிறது.

கேன் லைனின் இரு கடைசியிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒன்று ஹைக்கும் லோவுக்கும் குறுக்கே இருக்கும். மலையடிவாரத்தில் நின்று கூவினால் குரல் திரும்பி வருவது போல, வயரின் முனையில் முட்டிய சமிக்ஞையும் திரும்பி வந்து அடுத்த செய்தியோடு மோதும். அதை விழுங்குவதற்குத்தான் இந்த ரெசிஸ்டர்கள். இரண்டும் இணையாக இருப்பதால், சாவியை அணைத்து, பிரேக்கரை இறக்கி, சில நிமிடம் பொறுத்து ஹைக்கும் லோவுக்கும் நடுவே அளந்தால் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது. 40 வந்தால் யாரோ மூன்றாவதாக ஒரு ரெசிஸ்டர் சேர்த்திருக்கிறார்கள். பின்னாளில் பொருத்திய ஜிபிஎஸ் கருவியோ வேறு மாடலின் மீட்டரோ இருக்கிறதா என்று தேடுங்கள். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு வயரும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எண் நிலைக்காமல் ஓடினால் லைனில் இன்னும் மின்சாரம் இருக்கிறது என்று பொருள், அந்த அளவை நம்ப வேண்டாம்.

பிறகு பேக்கின் கம்யூனிகேஷன் கனெக்டரைக் கழற்றி, இரு பக்கமும் தனித்தனியாக அளந்து பாருங்கள். ஒரு ரெசிஸ்டர் பேக்குக்குள்ளும் மற்றது வண்டிப் பக்கமும் இருக்கும் அமைப்பில் இரு பக்கமும் 120 காட்டும். சில வண்டிகளில் இரண்டையும் வண்டிப் பக்கமே வைத்துவிடுகிறார்கள். அப்போது வண்டிப் பக்கம் 60-ம், பேக் பக்கம் கிலோ ஓம் கணக்கிலும் வரும். அதுவும் சரியான நிலைதான். எது உங்கள் வண்டியின் அமைப்பு என்று தெரிந்துகொள்ள எளிய வழி, செங்கோட்டை ஸ்டாண்டில் அதே மாடல் நல்ல வண்டி ஒன்றைக் கண்டுபிடித்து, அதன் அளவுகளை எடுத்துக் குறித்து வைத்துக்கொள்வது. நல்ல வண்டியின் அளவு கையில் இல்லாமல் கெட்ட வண்டியின் அளவை வைத்து முடிவு சொல்லக் கூடாது. இந்தக் குறிப்பேடு உங்கள் பட்டறைக்குப் பின்னாளில் ஒரு சொத்து.

ஒரு ரெசிஸ்டர் விட்டுப்போனாலும் ஆட்டோ போன்ற சிறிய வண்டியில் லைன் பெரும்பாலும் வேலை செய்துவிடும். வயர் நீளம் குறைவு என்பதால் எதிரொலியின் பாதிப்பும் குறைவு. வண்டி ஓடுகிறதே என்று 120 ஓமைக் கண்டும் காணாமல் விட்டுவிடாதீர்கள். சமதரையில் தப்பித்த லைன், மலையில் இரைச்சல் கூடும்போது தோற்கும்.

ஒரு எண்ணைப் பார்த்தவுடன் மீட்டரை எடுத்துவிட வேண்டாம். முனைகள் இணைந்தபடியே இருக்க, ஒருவர் வயரை அங்குலம் அங்குலமாக அசைக்க, மற்றவர் எண்ணையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சேசிஸ் மூலைகளில் வயர் திரும்பும் இடம், கிளிப் இறுக்கிய இடம், சரக்குப் பெட்டிக்கு அடியில் உரசும் இடம் ஆகியவை முக்கியம். 60 என்று நிற்கும் எண் ஒரு அசைவில் 70, 200 என்று எகிறினால் பழுது உங்கள் கைக்குள் வந்துவிட்டது.

கனெக்டரைக் கழற்றியதும் டார்ச் அடித்துப் பாருங்கள். குற்றாலத்துக்கு வருகிறவர்கள் சாரலைக் கொண்டாடுவார்கள். வயரிங் வேலை பார்க்கிறவர்களுக்குப் பெருமழையைவிட அதுதான் கவலை. பெருமழை கொட்டி ஓய்ந்துவிடும், வெயில் வந்தால் எல்லாம் காய்ந்துவிடும். கணவாய்க் காற்றோடு வரும் சாரல் காயவே விடாது. வயரின் மேலே பூத்த துளி மெல்ல வழிந்து, கனெக்டரின் பின்பக்க ரப்பர் சீல் வரை வந்து, அங்கே தங்கும். சீல் ஒரு பக்கம் மடங்கியிருந்தால் உள்ளே இறங்கிவிடும். இந்த நிலையில் பின்னின் மேல் வெள்ளையாகவோ பச்சையாகவோ களிம்பு பிடித்திருப்பதைப் பார்ப்பீர்கள். சில நேரம் முகப்பில் பின் பளபளவென்று இருக்கும். வயர் அழுத்தப்பட்ட பின்புறத்தில்தான் களிம்பு இருக்கும். இன்சுலேஷனைச் சற்றுப் பின்னால் தள்ளிப் பாருங்கள். செம்பு இழைகள் கறுத்து, கிள்ளினால் பொடிந்தால் அந்த அளவு வயரை வெட்டிவிட வேண்டியதுதான். தண்ணீர் இழைகளுக்கு நடுவே வெகு தூரம் ஏறிவிடும், ஆகவே பளிச்சென்ற செம்பு தெரியும் வரை வெட்டுங்கள்.

பின் பிடிப்பையும் பாருங்கள். பெண் பின்னுக்குள் மீட்டரின் தடித்த முனையைத் திணிக்கவே கூடாது. ஒருமுறை திணித்தால் அதன் நாக்கு விரிந்து, பிடிப்புப் போய், நீங்கள் தேடி வந்த பழுதை நீங்களே வைத்துவிட்டுப் போவீர்கள். அதே அளவுள்ள ஆண் பின் ஒன்றைத் தனியாக வாங்கி, ஒவ்வொரு துளையிலும் செருகி இழுத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே இறுக்கமாக இருக்க, ஒன்று மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தால் அதை மாற்றுங்கள். அளவு எடுக்கும்போது மெல்லிய ஊசியைக் கனெக்டரின் பின்பக்கமாக, சீலைக் கிழிக்காமல் நுழைத்து எடுங்கள். இன்சுலேஷனில் குத்தி அளக்கும் பழக்கம் வேண்டாம்; அந்த ஓட்டை அடுத்த சாரலுக்கு வாசல்.

சுத்தம் செய்ய கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே போதும். பெட்ரோல், மண்ணெண்ணெய் கூடாது. ரப்பர் சீல் ஊதிப்போகும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பின்னின் மேல் பூச்சு போய், அடுத்த மாதமே இன்னும் வேகமாகக் களிம்பு ஏறும். கெட்ட பின்னை மாற்றி, சரியான பிளையரால் அழுத்தி கிரிம்ப் செய்யுங்கள். ஈயம் வைத்த இணைப்பு மேஜையில் உறுதியாகத் தெரியும். ஓடும் வண்டியில், ஈயம் முடியும் இடத்தில் வயர் விறைத்து, அதிர்வில் முறியும். புதிய துண்டு சேர்த்தால் ஹையும் லோவும் சேர்த்து முறுக்கியே போக வேண்டும், அங்குலத்துக்கு ஒரு முறுக்காவது இருக்கட்டும். முறுக்கு இருப்பதால்தான் வெளி இரைச்சல் இரண்டு வயரிலும் ஒரே அளவில் ஏறி, இரண்டின் வித்தியாசத்தை மட்டும் கேட்கும் கருவிக்கு அது தெரியாமல் போகிறது. முன்பு யாராவது ஒட்டுப் போட்டு, ஒரு சாண் நீளம் முறுக்கில்லாமல் விட்டு, அதை மோட்டாரின் தடித்த மூன்று வயர்களோடு சேர்த்துக் கட்டியிருந்தால், மலையில் நிற்பதற்கு அதுவே போதுமான காரணம். பிரித்துத் தள்ளிக் கட்டுங்கள். தவிர்க்க முடியாமல் கடக்க வேண்டிய இடத்தில் குறுக்காகக் கடக்கட்டும், பக்கத்தோடு பக்கமாக ஓட வேண்டாம். கனெக்டருக்குள் நுழையும் முன் வயர் சற்றுத் தாழ்ந்து தொய்ந்து, பிறகு மேலேறும்படி கட்டிவிட்டால் வழிந்து வரும் துளி அந்தத் தாழ்விலேயே சொட்டிவிடும்.

சாவியைப் போட்டு எடுக்கும் வோல்ட்டேஜ் அளவும் பயன்படும். பேச்சு இல்லாதபோது ஹை, லோ இரண்டும் 2.5 வோல்ட் அருகே இருக்கும். பேசும் கணத்தில் ஹை 3.5 வரை ஏறும், லோ 1.5 வரை இறங்கும். மீட்டர் சராசரியைத்தான் காட்டும் என்பதால், ஓடும் லைனில் ஹை 2.6 முதல் 2.8 வரையும், லோ 2.2 முதல் 2.4 வரையும் வந்தால் நல்லது. இரண்டும் அசையாமல் 2.5 என்றால் யாருமே பேசவில்லை. ஒன்று பூஜ்யத்தில் ஒட்டியிருந்தால் எர்த்தில் உரசுகிறது. 12 வோல்ட்டைத் தொட்டால் எங்கோ பிளஸ் வயரோடு உரசல். எர்த் முனையை 12 வோல்ட் மைனஸிலேயே வையுங்கள். சில வண்டிகளில் பெரிய பேக்கின் மைனஸ் அதிலிருந்து தனியாக இருக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் பிழை தொடர்ந்தால், லேப்டாப்பில் செருகும் கேன் அடாப்டர் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். கம்பெனியின் குறியீட்டுப் பட்டியல் இல்லாமலே ஒரு காரியம் செய்யலாம். வண்டியை நிறுத்தி வைத்து, சாவியைப் போட்டு, ஓடும் செய்திகளின் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பேக்கின் கம்யூனிகேஷன் கனெக்டரை மட்டும் கழற்றினால் எந்த எண்கள் மறைகின்றனவோ அவை பிஎம்எஸ்ஸின் செய்திகள். பிறகு மலையில் பிழை வரும் கணத்தில், அந்த எண்கள் மட்டும் நிற்கின்றனவா, எல்லாச் செய்தியும் சேர்ந்து நிற்கிறதா என்று பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துப் பாருங்கள். எல்லாம் நின்றால் பொது லைன், அவை மட்டும் நின்றால் பேக் பக்கம். அடாப்டரை 'கேட்பது மட்டும்' நிலையில் வையுங்கள். வண்டியின் கேன் லைன் வேகம் வினாடிக்கு 250 கிலோபிட்டா 500 கிலோபிட்டா என்று தெரியாமல் சாதாரண நிலையில் செருகினால், அடாப்டரே லைனைக் குழப்பி வண்டியை நிறுத்திவிடும்.

பேக் பக்கம்தான் என்று உறுதியானாலும் பேக்கைத் திறக்காதீர்கள். 2022-இல் மின்சார ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த சம்பவங்களுக்குப் பிறகு, இத்தகைய சிறிய மின்சார வண்டிகளின் பேட்டரி பாதுகாப்புக்கான ஏஐஎஸ் 156 விதியைக் கடுமையாக்கி, அந்த ஆண்டு டிசம்பர் 1-இலும் 2023 மார்ச் 31-இலும் இரு கட்டமாக நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். உங்கள் ஆட்டோவும் அந்த விதிக்குள் வரும் வகைதான். தண்ணீரில் மூழ்கினாலும் நீர் புகாத அளவுக்கு பேக் இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. பட்டறையில் திறந்து மூடிய பேக்குக்கு அந்தக் காப்பு திரும்ப வராது. இன்னொன்று, அந்த விதிக்குப் பிறகு வந்த வண்டி என்றால் சாரலில் பேக்குக்குள்ளேயே தண்ணீர் போய்விட்டது என்பது சாதாரணமாக நடக்கக்கூடியதல்ல. போயிருந்தால் சீல் சரியில்லாத பேக்கைக் கொடுத்தது யார் என்ற கேள்வி வரும். அதை வாரன்டியை மறுக்கும் காரணமாக அவர்கள் சொல்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

பைபாஸ் விஷயம். செல் 3.65 வோல்ட்டைத் தாண்டாமலும் அளவுக்கு மீறி இறங்காமலும் காப்பது பிஎம்எஸ். அண்ணாச்சியின் பாதையில் ஆபத்து இரட்டிப்பு. ஆரியங்காவிலிருந்து இறங்கும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி, பேக்குக்குள் கரண்டைத் திருப்பித் தள்ளுகிறது. எவ்வளவு தாங்கும் என்று கன்ட்ரோலருக்குச் சொல்வது பிஎம்எஸ்தான். அதன் வாயை அடைத்துவிட்டு அந்த வளைவுகளில் ஒரு மனிதரை இறங்கச் சொல்வதற்கு எந்த மெக்கானிக்குக்கும் உரிமையில்லை. அண்ணாச்சியே கேட்டாலும் மறுத்துவிடுங்கள்.

புதிய பேக் போட்டால் வண்டி ஓடத்தான் செய்யும், சில வாரங்களாவது. பேக்கை மாற்றும்போது கனெக்டரைக் கழற்றி மறுபடி செருகுகிறார்கள். அந்த உரசலில் களிம்பு தேய்ந்து பின் பிடித்துக்கொள்ளும். பேட்டரிதான் காரணம் என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள். பெரும்பணம் போன பிறகு அடுத்த சாரலில் அதே பிழை வரும். ஆகவே சர்வீஸ் மையத்திடம் கேட்க வேண்டியது ஒன்று: இந்த பேக்கை அதே மாடல் வேறு வண்டியில் போட்டு, இதே ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தார்களா? அங்கேயும் நின்றால் ஒப்புக்கொள்ளலாம். அப்போதும் செல்கள் நன்றாக இருந்து பிஎம்எஸ் போர்டு மட்டும் பழுது என்றால், கம்பெனி வழியாகப் போர்டை மட்டும் மாற்றித் தரச் சொல்ல வேண்டும்.

நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு அளவையும் தேதியுடன், காய்ந்த நாளா சாரல் நாளா, சமதரையா ஏற்றமா என்ற விவரத்துடன் ஒரு தாளில் எழுதி அண்ணாச்சியிடம் கொடுங்கள். களிம்பு பிடித்த பின்னைச் சுத்தம் செய்வதற்கு முன்பே போனில் படம் எடுத்து வையுங்கள். சரியாகிவிட்டது என்று தோன்றினால், வண்டியைக் கொடுக்கும் முன் பூவாளித் தண்ணீர்ச் சோதனையை மறுபடி செய்து, பிறகு ஒரு சாரல் நாளில் முழுச் சுமையுடன் ஏற்றத்தில் நீங்களும் கூடப் போய் வாருங்கள். சரியாகாமல் மையத்துக்கே போக நேர்ந்தால் அந்தத் தாளின் நகலைக் கொடுத்து, பேக்கின் எண், அவர்கள் பார்த்த பிழைக் குறியீடு, பேக்குக்குள் தண்ணீர் இருந்ததைக் காட்டும் படம் மூன்றையும் எழுத்து மூலமாகத் தரும்படி அண்ணாச்சி கேட்கட்டும்.